கப்பல் விற்கும் சுற்றுலாவா, நாமே செய்யும் ஏற்பாடா: மத்திய தரைக்கடல் துறைமுகங்களை முன்வைத்து

மத்திய தரைக்கடலில் ஏழு நாள் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்தவுடன் அடுத்து வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்ப்பதற்குக் கப்பல் நிறுவனமே விற்கும் ‘எக்ஸ்கர்ஷன்’ என்னும் கரைச் சுற்றுலாவை வாங்குவதா, உள்ளூர் வழிகாட்டியையோ வாடகை வண்டியையோ ரயிலையோ நாமே ஏற்பாடு செய்துகொள்வதா என்பதே அது. பெரும்பாலோர் இதை விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அதுவும் பயணம் முழுமைக்கும் ஒரே முடிவாக, ‘எல்லாமே கப்பலில்’ என்றோ ‘எதுவுமே கப்பலில் வேண்டாம்’ என்றோ முடித்துவிடுகிறார்கள். எழுபதைக் கடந்த பெற்றோருடன் இத்தாலி, கிரேக்கம், துருக்கித் துறைமுகங்களுக்குப் போய்வந்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து வேறு. இந்த முடிவைத் துறைமுகம் துறைமுகமாகத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது, பார்க்கப் போகும் இடத்திலிருந்து கப்பலுக்குத் திரும்பி வர எத்தனை வழிகள் இருக்கின்றன, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று உண்டா என்பதையே முதல் அளவுகோலாக வைக்க வேண்டும்.

கப்பல் நிறுவனத்திடம் நாம் வாங்குவது என்ன என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. பேருந்தை ஓட்டுபவரும், கொடியைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடக்கும் வழிகாட்டியும் பொதுவாகக் கப்பலின் ஊழியர்கள் அல்லர். அந்தந்த ஊர்ச் சுற்றுலா முகவர்கள் அமர்த்தியவர்கள். அதே தரமுள்ள வழிகாட்டியையும் ஒரு வேனையும் நேரடியாக அமர்த்தினால், நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெரும்பாலும் செலவு குறையும். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது ஒரு வாக்குறுதி. கப்பல் விற்ற சுற்றுலாவின் பேருந்து நெரிசலில் சிக்கித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க இயலாமற்போனால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தாமாகச் சென்றவர்களுக்கு இந்த வாக்குறுதி கிடையாது. கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே அனைவரும் ஏறியாக வேண்டிய நேரம் என்று ஒன்றைக் கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அதைத் தாண்டி வருபவருக்காகக் கப்பல் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இது வெறும் எச்சரிக்கை வாசகம் அன்று என்பதை 2024 மார்ச் மாத இறுதியில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் நடந்தது காட்டியது. கப்பல் விற்காத தனியார் சுற்றுலாவில் சென்ற எட்டுப் பயணிகள் தாமதமாகத் திரும்பினார்கள். கடலோரக் காவல் படையின் படகு அவர்களைக் கப்பலருகே கொண்டுபோனபோது கப்பல் இன்னும் நங்கூரமிட்டுத்தான் இருந்தது. ஆனாலும் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. பல நாடுகளைக் கடந்து காம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தால், கடல் நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பல் அங்கே வரவே இல்லை. கடைசியில் செனகல் நாட்டில்தான் கப்பலைப் பிடிக்க முடிந்தது. அவர்களில் பெரும்பாலோர் விசா தொல்லை குறைந்த அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துருக்கியில் கப்பலைத் தவறவிட்டால், கிரேக்கத்தில் அதைப் பிடிக்கப் பல முறை நுழையும் ஷெங்கன் விசா கையில் இருக்க வேண்டும். அந்த விசா ஒட்டிய கடவுச்சீட்டோ பல கப்பல்களில் வரவேற்பு மேசையிலேயே இருக்கும். ஐரோப்பியருக்கு ஒரு நாள் அலைச்சலாகவும் ஒரு விமானச் சீட்டாகவும் முடியும் தவறு நமக்குத் தூதரகம் வரை நீளக்கூடும் என்பதால், அவர்கள் எழுதும் ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் கப்பல் விற்கிறது என்பதற்காகவே ஒரு சுற்றுலா பாதுகாப்பானது என்று கருதுவதும் பிழை. நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது அங்கிருந்த 47 பேரில் 38 பேர் ஒரே சொகுசுக் கப்பலிலிருந்து வந்தவர்கள். கப்பல் வழியாகவே அந்தப் பயணத்தை வாங்கியவர்கள். மொத்தம் 22 பேர் உயிரிழந்தார்கள். கப்பலின் வாக்குறுதி நேரத்தைப் பற்றியது. செல்லும் இடத்தின் ஆபத்தை எடைபோடும் வேலை எந்த வழியில் சென்றாலும் நம்முடையதாகவே இருக்கிறது. பயணச் சீட்டின் நிபந்தனைகளிலும் சுற்றுலாவை நடத்துபவர் தனி ஒப்பந்ததாரர் என்றே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

இனித் துறைமுகங்களுக்கு வருவோம். அதிக யோசனை தேவைப்படுவது ரோமாபுரிக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா. பயணத் திட்டத்தில் ‘ரோம்’ என்று போட்டிருந்தாலும் நகரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. கப்பலிலிருந்து துறைமுகப் பேருந்தில் வெளியே வந்து, ரயில் நிலையம் சேர்ந்து, வட்டார ரயிலைப் பிடித்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சான் பியேத்ரோ நிலையம். அங்கிருந்து புனித பேதுரு பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். கப்பலின் பேருந்தில் போனால் நேரம் பெரிதாக மிச்சமாவதில்லை. காலையில் கப்பலின் அரங்கில் கூடி, சட்டையில் எண் ஒட்டி, நாற்பது ஐம்பது பேர் வந்து சேரும்வரை உட்கார்ந்திருந்து, நெடுஞ்சாலையின் நெரிசலையும் கடக்க வேண்டும். இதே முறையில் ஒரு முறை போன நாளில், எங்கள் குழுவில் ஒருவர் நினைவுப் பொருள் கடையில் தங்கிவிட்டதால் மற்ற அனைவரும் முக்கால் மணி நேரம் பேருந்திலேயே இருந்தோம். கொலோசியத்தின் உள்ளே போக அன்று நேரமில்லை. அப்பா அதை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தார். அவர் இன்னொரு முறை அங்கே போவாரா என்று தெரியாத வயதில் நடந்தது என்பதால் அந்த முக்கால் மணி நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் ரயிலே போதும் என்று சொல்லிவிடலாமா என்றால், இத்தாலியில் ‘ஷோப்பெரோ’ என்னும் வேலைநிறுத்தம் ஒன்று இருக்கிறது. அது முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடும் என்ற உத்தரவாதமும் உண்டு. அலுவலகம் போய்வரும் ரோம் நகரத்தாருக்கு இந்த ஏற்பாடு போதுமானது. கப்பல் பயணிக்கு இது ஒரு பொறி. காலை ரயிலில் தடையின்றிப் போய்விடுவார், மாலையின் உத்தரவாத ரயில் தொடங்கும் வேளையில் கப்பல் புறப்பட்டுக்கொண்டிருக்கும். ஆகவே பயணத்துக்கு முன் வேலைநிறுத்த அறிவிப்புகளைப் பார்ப்பது கட்டாயம். இந்தத் துறைமுகத்துக்கு நான் பரிந்துரைப்பது, பலர் கவனிக்காத நடு வழி ஒன்றை: பல கப்பல்கள் வழிகாட்டி இல்லாமல், போக்குவரத்தை மட்டும் தனியாக விற்கின்றன. நகரத்தில் இறக்கிவிட்டு, குறித்த நேரத்தில் அதே இடத்தில் ஏற்றிக்கொள்வார்கள். முழுச் சுற்றுலாவைவிட விலை குறைவு; கப்பல் காத்திருக்கும் என்ற வாக்குறுதி இதற்கும் பொருந்துகிறதா என்பதை வாங்கும் முன் மேசையில் கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும். நடுவில் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது, எங்கே உட்காருவது, தயிர் சாதத்துக்கு ஏங்கும் வயிற்றுக்கு எந்தக் கடையில் பாலாடைக்கட்டி போடாத உணவு கேட்பது எல்லாம் நம் விருப்பம். நுழைவுச் சீட்டை மட்டும் முன்பே வாங்கிவிட வேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதையும் நாள்காட்டியோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

லிவோர்னோவும் இதே வகை. அங்கிருந்து பிளாரன்ஸ் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். போக்குவரத்து மட்டும் வாங்குவது பொருத்தம். சாய்ந்த கோபுரமுள்ள பைசா நகரத்தோடு நிறுத்திக்கொள்வதானால் ரயிலில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். அதற்குக் கப்பலுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

நேப்பிள்ஸ் துறைமுகத்திலும், ஏதென்ஸுக்கான பிரேயஸ் துறைமுகத்திலும் தனியாகப் போவதையே தயக்கமின்றிச் சொல்வேன். நேப்பிள்ஸில் கப்பல் நிற்பதே நகரத்தின் நடுவில். இறங்கி நடந்தால் பழைய கோட்டை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பேய்க்குச் செல்லும் சர்க்கும்வெசுவியானா ரயில் பழையது, நெரிசல் மிக்கது, பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியது. ஆயினும் இடிபாடுகளின் வாசலருகிலேயே இறக்கிவிடுகிறது. அது ஓடாவிட்டால் டாக்ஸி இருக்கிறது, தொலைவும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். 2024 நவம்பர் முதல் பாம்பேயில் ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் அனுமதி, சீட்டிலும் பெயர் இருக்கும் என்பதால் முன்பதிவை மட்டும் மறக்கக் கூடாது. பிரேயஸிலிருந்து மெட்ரோ ரயிலில் அரை மணிக்குள் மொனாஸ்டிராக்கி வந்துவிடும். 2022 அக்டோபரில் மூன்றாம் தடமும் துறைமுகம் வரை நீட்டிக்கப்பட்டதால், ஒன்று நின்றாலும் மற்றொன்று உண்டு. அக்ரோபொலிஸுக்கும் நேரம் குறித்த சீட்டு வாங்கும் முறை 2023 முதல் வந்துவிட்டது.

துருக்கியின் குஷாடாசி எனக்கு மிகவும் பிடித்த துறைமுகம். இங்கே ஒப்பீடு வேறு விதமாகத் திரும்புகிறது. எபேசஸ் என்னும் பழங்கால நகரத்தின் இடிபாடுகள் 20 கிலோமீட்டர் தொலைவுதான், திரும்பும் வழியைப் பற்றிய கவலை குறைவு. ஆனால் அந்த இடம் சரிவில் அமைந்திருக்கிறது. மேல் வாசலில் நுழைந்து, பளிங்குத் தெரு வழியே இறங்கி, செல்சஸ் நூலகத்தைப் பார்த்துக் கீழ் வாசலில் வெளிவருவதே உடம்புக்கு இதமான வழி. மினி பேருந்தில் தனியாகப் போனவர்கள் கீழ் வாசல் பக்கம் இறங்கி, வெயிலில் ஏறத் தொடங்குகிறார்கள். அதனால் முன்பதிவு செய்த உள்ளூர் வழிகாட்டியும் வண்டியும்தான் சிறந்தது. மேலே இறக்கிவிட்டுக் கீழே வந்து காத்திருப்பார்கள். அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற நடையில், ஒவ்வொரு நிழலிலும் நின்று நின்று போக முடிந்தது. பெருங்குழுவோடு போனவர்கள் கம்பளக் கடை விளக்கத்துக்குச் செலவழித்த நேரத்தில் நானும் அப்பாவும் தனிச் சீட்டு வாங்கி மலைச்சரிவு வீடுகளின் தரை ஓவியங்களைப் பார்த்தோம். அங்கே படிகள் அதிகம் என்பதால் அம்மா வரவில்லை. பேசும்போதே, கடைகளுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று வழிகாட்டியிடம் எழுத்தில் சொல்லிவிடுவது அவசியம்.

கிரேக்கத் தீவான சான்டோரினியில் நான் முற்றிலும் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். பெரிய கப்பல்கள் அங்கே கரையை ஒட்டி நிற்க முடியாது. எரிமலைப் பள்ளத்துக் கடலில் நின்றபடி சிறு படகுகளில் ஆட்களை இறக்குகின்றன. தனியாகப் போகிறவர் படகுக்கு எண் வாங்கிக் காத்திருந்து, செங்குத்தான பாறையின் அடியிலுள்ள பழைய துறையில் இறங்குகிறார். அங்கிருந்து ஃபிரா ஊருக்கு ஏறத்தாழ 220 மீட்டர் உயரம். கேபிள் கார், 600-க்குச் சற்றுக் குறைவான படிகள், கழுதை என்று மூன்றே வழிகள். அந்தக் கழுதைகளின் நிலையைப் பார்த்த எவரும் மூன்றாவதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கப்பலின் சுற்றுலாவை வாங்கியவர்களை முதல் படகுகளில் ஏற்றி, அத்தினியோஸ் என்னும் வேறு துறையில் இறக்கி, பேருந்தில் நேராகத் தீவின் இன்னோர் ஊரான ஓயாவுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். திரும்பும்போது கேபிள் கார் வரிசை அவர்களுக்கும் உண்டு. ஆனால் அதில் தாமதமானால் அது கப்பலின் கவலை. கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 என்று வரையறுத்திருக்கிறார்கள் என்றாலும், அத்தனை பேரும் மாலையில் ஒரே கம்பி வடத்தை நம்பித்தான் இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்குப் படிகள் மாற்று வழி ஆகா.

பணத்தைத் திரும்பப் பெறுவதில் கப்பலுக்கே சாதகம் அதிகம். புயலால் துறைமுகமே ரத்தானால் கப்பல் விற்ற சுற்றுலாவின் பணம் தானாகக் கணக்குக்கு வந்துவிடும். தனி ஏற்பாட்டாளர்களில், கப்பல் வராவிட்டால் கட்டணம் இல்லை என்று எழுதித் தருபவரை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு துறைமுகமும் உண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட சொகுசுக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலையோடு காங்கேசன்துறையையும் தொட்டது. மேலே சொன்ன அளவுகோலை அங்கே வைத்துப் பார்த்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. கீரிமலைத் தீர்த்தம் சில கிலோமீட்டர்தான். மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் போகும் வழியிலேயே. யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள். சாலை இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழி கேட்கவும் விலை பேசவும் நம் மொழியே போதும். நாற்பது பேருடன் பேருந்தில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்க வேண்டிய ஊர் அன்று அது. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்பதை மட்டும் துறைமுக வாசலிலேயே ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் அங்கே போய்விட்டு, கீரிமலையைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம்.