ஸ்வரத்துக்கு நிறம் கொடுக்க: வெக்ஸ்ஃப்ளோவா, ஓஎஸ்எம்டியா, வெரோவியோவா?

பிரௌசரில் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) வரையும் இந்த மூன்று லைப்ரரிகளில் எதையும் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: நிறம் வரையும்போது ஒரே முறை விழுந்தால் போதுமா, பாட்டு ஓட ஓட மாறிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வெக்ஸ்ஃப்ளோவில் ஒவ்வொரு பாகமும் உங்கள் கையில். நோட்டைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்டான ஸ்டேவ்நோட்டுக்கு செட்ஸ்டைல் போட்டு ஃபில்ஸ்டைல், ஸ்ட்ரோக்ஸ்டைல் இரண்டையும் கொடுக்க வேண்டும். அதுவும் டிராவுக்கு, அதாவது வரையும் கட்டளைக்கு, முன்னால். கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்பில்) ஒரு நோட்டின் தலையை மட்டும் சிவப்பாக்க செட்கீஸ்டைல் இருக்கிறது. வரிசை எண் 0-இல் தொடங்கும். நோட்டெல்லாம் சிவந்தும் அவற்றை இணைக்கும் பட்டையான பீம் கறுப்பாகவே நின்றால் பிழை என்று நினைக்க வேண்டாம். பீம் தனி ஆப்ஜெக்ட், அதற்கும் தனியே செட்ஸ்டைல் தேவை. ஐந்து கோட்டுக்கு வெளியே வரும் சிறு லெட்ஜர் கோட்டுக்கு செட்லெட்ஜர்லைன்ஸ்டைல். வரைந்த எஸ்விஜியை (வெக்டர் படத்தை) சிஎஸ்எஸ் என்ற ஸ்டைல் விதிகளால் மாற்றுபவர்கள் பதிப்பைக் கவனிக்க வேண்டும்: 4-இல் தலைகள் பாத் (வரைகோட்டு வடிவம்), 5-இல் ஃபான்ட் எழுத்தாக டெக்ஸ்ட். பாத்தைத் தேடும் பழைய செலக்டர் சத்தமில்லாமல் செயலிழந்துவிடும்.

இசைக்குறிப்பைச் சேமிக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பு கையில் இருந்தால் ஓஎஸ்எம்டி (ஓப்பன்ஷீட்மியூசிக்டிஸ்ப்ளே) சுலபம். கலரிங்மோடை 2 ஆக்கி, கலரிங்செட்கஸ்டமில் எட்டு நிறங்கள்: ஸி முதல் பி வரை ஏழு, எட்டாவது ரெஸ்ட்டுக்கு (மௌனக் குறிக்கு). குழந்தைகளுக்கான பாடத்துக்கு இதைவிட நேர்வழி இல்லை. தண்டும் அதே நிறம் பெற கலர்ஸ்டெம்ஸ்லைக்நோட்ஹெட்ஸை ட்ரூ ஆக்க வேண்டும். குறை என்னவென்றால், தனி நோட்டின் நிறத்தை நோட்ஹெட்கலரில் மாற்றினால் மறுபடி ரெண்டர் செய்தாக வேண்டும். நீண்ட ஸ்கோரில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இழுக்கும்.

ஓடும் இசையோடு நிறம் மாற வேண்டுமென்றால் தயங்காமல் வெரோவியோ. அதன் எஸ்விஜியில் ஒவ்வொரு நோட்டும் ஐடியும் கிளாஸும் கொண்ட தனி குரூப். கெட்எலிமென்ட்ஸ்அட்டைமுக்கு மில்லிசெகண்டைக் கொடுத்தால் அந்த நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகளின் ஐடி வரும்; கிளாஸைச் சேர்த்து, முந்தியதை எடுத்தால் போதும், மறுபடி வரைய வேண்டியதில்லை. ஆனால் ஃபில் மட்டும் எழுதினால் தண்டு நிறம் மாறாமல் நிற்கக்கூடும், ஸ்ட்ரோக்கையும் எழுதுங்கள். ஐடி இல்லாத மியூசிக்எக்ஸ்எம்எல்லை ஏற்றினால் ஐடிகள் ஒவ்வொரு முறையும் மாறும். எக்ஸ்எம்எல்ஐடிசீட் என்ற அமைப்புக்கு நிலையான எண் கொடுக்காவிட்டால், சேமித்துவைத்த நிறங்கள் அடுத்த முறை எந்த நோட்டையும் கண்டுபிடிக்காது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு பொறி: எட்டு இலக்க நிறத்தில் மியூசிக்எக்ஸ்எம்எல் ஆல்ஃபாவை (ஒளிபுகும் அளவை) முதலில் வைக்கிறது, சிஎஸ்எஸ் கடைசியில். அப்படியே நகலெடுத்தால் வேறு நிறம்தான் வரும்.