வரியைப் பிரித்துக் காட்டிய விலைப்பட்டியல்: ஒரு சூரிய மின் நிறுவல் சேவை பற்றிய மதிப்புரை

எங்கள் வீட்டு மேற்கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்திய நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது, அவர்களின் கைவேலையைவிட அவர்கள் தந்த விலைப்பட்டியலைத்தான் நான் முதலில் பாராட்ட வேண்டும். விசாரித்த மற்ற இரண்டு நிறுவனங்களும் 'வரி உட்பட' என்று ஒரே தொகையை எழுதிக் கொடுத்தன. இவர்கள் மட்டுமே தகடுகள், இன்வெர்ட்டர், பொருத்தும் கூலி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் வரி விகிதத்தைக் குறித்திருந்தார்கள்.

பொருளும் உழைப்பும் கலந்த இத்தகைய ஒப்பந்தத்துக்கு வரி விதிப்பதில் அரசுகள் ஒன்றுபோல நடப்பதில்லை என்பதால், இந்தப் பிரிப்பு மிகவும் தேவையானது. இந்தியாவில் ஒப்பந்தத் தொகையில் 70 விழுக்காட்டைப் பொருளாகவும் 30 விழுக்காட்டைச் சேவையாகவும் கொள்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோதும், சேவைக்கு 18 விழுக்காடே நீடிப்பதால், மொத்தச் சுமை 13.8 விழுக்காட்டிலிருந்து 8.9 ஆகவே இறங்கியது. ஜெர்மனியோ 2023 ஜனவரி முதல் வீட்டு அமைப்புகளுக்குக் கூலியையும் சேர்த்தே மதிப்புக் கூட்டு வரியைப் பூஜ்யமாக்கியது. கூரையில் ஏற்றி இணைக்காத தகடு யாருக்கும் மின்சாரம் தராது என்பதால், இதுவே நியாயமான முறை என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பெயின் 2015இல், நுகர்வோர் தாமே உற்பத்தி செய்து தாமே பயன்படுத்தும் மின்சாரத்தின் மீதும் கட்டணத்துக்கு வழிவகுத்து, 'சூரிய வரி' என்று கண்டிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டை 2018இல் நீக்கியது. அப்படி ஏதும் நமக்கு வருமா என்று நான் கேட்டபோது, அவர்களின் பொறியாளர் நடப்பு விதியைப் பொறுமையாக விளக்கியதோடு, பின்னாளில் அது மாறாது என்ற வாக்குறுதி எதையும் தராமல் இருந்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறை ஒன்று உண்டு. தகடுகளோடு சேர்த்துப் பொருத்தினால் சலுகை விகிதம், பிறகு தனியே வாங்கினால் முழு விகிதம் என்ற வேறுபாடு பேட்டரிக்கு இருப்பதை அவர்கள் ஒப்பந்தத்தின்போது சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்துப் பேட்டரி வாங்கிய நான் கூடுதல் வரி கட்ட நேர்ந்தது. பிரிட்டனிலும் 2024 பிப்ரவரி வரை தனியே பொருத்தும் பேட்டரிக்கு 20 விழுக்காடு வரி இருந்தது. ஆகவே இந்தச் சேவையை நாடுவோர், பேட்டரி இப்போது வேண்டாம் என்றாலும், அதற்கான வரியைக் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.