பள்ளிக்கு முந்தைய உடல்நலப் பரிசோதனை: காதுக்கும் கண்ணுக்கும் முழு மதிப்பெண், கடைசிப் பக்கத்துக்கு இல்லை

பள்ளியில் சேரப் போகும் குழந்தைகளுக்கென்றே ஒரு குழந்தைகள் மருத்துவமனை நடத்தும் முழுப் பரிசோதனைக்குப் பேரனை அழைத்துப் போனோம். எல்லாம் ஒரே காலையில், ஒரே கட்டடத்தில் முடிந்துவிடுகிறது. நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்த்தேன், அப்படியேதான் எழுதுகிறேன்.

முதலில் காது. இந்தச் சேவையில் மிக நன்றாகச் செய்யப்படுவது இதுதான். சத்தம் நுழையாத சின்ன அறை, தலையில் ஹெட்ஃபோன், மேசையில் மரக்கட்டைகளும் ஒரு டப்பாவும். பரிசோதனை செய்த பெண் அவன் உயரத்துக்குக் குனிந்து, "தம்பி, காதுல சத்தம் கேட்டா ஒரு கட்டையை எடுத்து டப்பாவில போடணும், சரியா?" என்றார். "குட்டியா கேட்டாலுமா?" என்றான். "குட்டியா கேட்டாலும்." அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவனுக்கு அது விளையாட்டு. 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, சத்தத்தை 20 டெசிபல் வரை இறக்கிப் பார்க்கிறார்கள். வலது காதில் கட்டைகள் மளமளவென்று விழுந்தன. இடது காதுக்கு மாற்றியதும் கை கட்டையைப் பிடித்தபடியே காத்திருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டினார், மறுபடி குறைத்தார், அவன் சலித்துப்போனதும் கட்டைகளின் நிறத்தை மாற்றிக் கொடுத்துத் தொடர்ந்தார்.

அப்புறம் டிம்பனோமெட்ரி. காதில் ஒரு மெல்லிய ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றினால் செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று வரைபடமாக வந்துவிடும். வலது காதுக்கு நடுவில் ஒரு மேடு. இடது காதுக்கு நேர்கோடு. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் வெளியே தெரியாது. சளி பிடித்த பிறகு சின்னக் குழந்தைகளுக்கு அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும் என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். மாத்திரை எதுவும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அப்போதும் இருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம் என்றார். இப்படி நிதானமாகச் சொல்கிற மருத்துவர் கிடைத்ததற்கே நான் இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன்.

வகுப்பறையில் இது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இரண்டு காதிலும் நீர் கோத்த பிள்ளைக்கு, காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்பது போலத்தான் பாடம் கேட்கும். 'கல்' என்றேனா, 'பல்' என்றேனா என்று அதற்குத் தெரியாது. நாற்பது பிள்ளைகள் சத்தம் போடும் அறையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செய்யும். "கவனமே இல்லை" என்று பெயர் வாங்கிவிடும். பிறந்தவுடன் செய்த கேட்டல் பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் இது பின்னால் வரலாம், அதனால் பள்ளி சேரும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

கண் பரிசோதனையும் குறை சொல்ல முடியாதது. எழுத்து தெரியாத வயதுக்கு ஏற்றபடி வட்டம், சதுரம், வீடு, ஆப்பிள் வடிவங்கள் உள்ள அட்டை. கையில் அதே வடிவங்கள் உள்ள இன்னொரு அட்டையைக் கொடுத்து, பார்த்ததைத் தொட்டுக் காட்டச் சொல்கிறார்கள், கூச்சப்படும் பிள்ளை வாய் திறக்கவே வேண்டாம். எனக்குப் பிடித்தது, ஒரு கண்ணை மூடுவதற்குக் கையை வைக்கச் சொல்லாமல் ஒட்டும் பட்டை போட்டது. கையால் மூடச் சொன்னால் எந்தக் குழந்தையும் விரலிடுக்கில் பார்க்கும். ஒரு கண் நன்றாகத் தெரிந்து மறு கண் மங்கலாக இருக்கும் குழந்தை அதைச் சொல்லவே சொல்லாது, அதற்கு உலகமே அப்படித்தான். மங்கிய கண் அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால் அதுதான் சோம்பேறிக் கண். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிப் பழக்கினால் சரியாகும். ஏழு வயதுக்கு முன்பு தொடங்கினால் பலன் அதிகம், தள்ளிப்போடப் போட வேலை கடினம். பேரனுக்குக் கண் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

இரத்தப் பரிசோதனையை வரிசையில் முதலாவதாக வைத்திருக்கிறார்கள். இது பெரிய தவறு. ஊசி குத்தி அழுத குழந்தை அடுத்த அறையில் ஹெட்ஃபோனை எப்படித் தலையில் வைக்க விடும்? எங்களுக்கு முன்னால் போன பெண் குழந்தைக்கு அதுதான் நடந்தது. பாவம், கட்டையைத் தொடவே இல்லை, "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருமகள் வரவேற்பில் கேட்டதும் எங்களுக்குக் கடைசியாக மாற்றித் தந்தார்கள். நீங்களும் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயது முடிந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) இரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை என்கிறது, ஐந்து முடிந்தால் 11.5. உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஐந்தில் இருவருக்கு இந்தக் குறை இருப்பதாக அதே நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தை ஓடாது, கத்தாது, ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதை "சமர்த்து" என்று மெச்சுகிறோம், வகுப்பில் முன்னால் உட்கார வைக்கிறோம். சோர்ந்து போன குழந்தை அது. மருத்துவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்?" அரை லிட்டருக்கு மேல் போனால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது, பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு என்று விளக்கினார்.

பல்லைப் பார்த்த விதம் போதாது. டார்ச் அடித்து ஒரு பார்வை, "பரவாயில்லை" என்று ஒரு சொல். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் நினைப்பதைத் திருத்த வேண்டியவர்களே இப்படிச் செய்யலாமா? பின்வரிசைப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்கும். அதில் சொத்தை விழுந்தால் எத்தனை வருடம் வலியோடு பாடம் படிப்பது? பல்லுக்குத் தனியாகப் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தூக்கத்துக்குப் படிவத்தில் ஒரே ஒரு வரி. மூன்று நான்கு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2019-இலேயே உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. இதைப் பற்றி உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை. காது மருத்துவர் மட்டும், "வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? குறட்டை உண்டா?" என்று விசாரித்தார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் குறட்டையும் வரும், காதில் நீரும் கோக்கும் என்பதால் அந்தக் கேள்வி.

உயரம், எடை, தடுப்பூசி அட்டை எல்லாம் சுருக்கமாக, சரியாக முடிந்தன. வட்டம், கூட்டல் குறி, சதுரம் வரையச் சொன்னவர் படத்தைவிடப் பென்சில் பிடித்த கையைக் கவனித்ததும் பிடித்திருந்தது.

பிடிக்காதது அறிக்கையின் கடைசிப் பக்கம். "பள்ளித் தயார்நிலை" என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண். எண்ணச் சொல்வது, நிறம் சொல்வது, "சிவப்புப் பந்தை எடுத்து நீலப் பெட்டிக்குப் பின்னால் வை" மாதிரியான கட்டளைகள். இதைக் காது பரிசோதனைக்கு முன்பே, ஆள் நடமாட்டமுள்ள கூடத்தில், மேலே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருக்கும்போது வைத்தார்கள். இடது பக்கம் உட்கார்ந்து கேட்டவர் சொன்னதில் பாதி அவனுக்கு எட்டியிருக்காது. அப்படிக் கிடைத்த எண்ணைப் பார்த்து எந்தத் தாயும் பிள்ளையை எடை போட வேண்டாம். நான் அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்து, காது சரியான பிறகு மறுபடி வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கினேன். வெளியே வரும்போது மருந்துக் கவுண்டரில் ஞாபக சக்தி டானிக் ஒன்றை நீட்டினார்கள். மருத்துவர் எழுதாத மருந்து, வாங்கவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் போகாதீர்கள். குறைந்தது நான்கைந்து மாதம் முன்பே முன்பதிவு செய்யுங்கள். காதில் நீர் என்றால் காத்திருந்து மறுபடி பார்க்கவே மூன்று மாதம் வேண்டும், கண்ணுக்குப் பட்டை போட்டுப் பழக்குவதற்கும் மாதக்கணக்காகும். காலையில் முதல் நேரமாகக் கேட்டு வாங்குங்கள், குழந்தை தூங்கி எழுந்து வயிறாரச் சாப்பிட்டிருக்கும். அறிக்கையில் சுருக்கெழுத்தாக இருப்பதை மருத்துவரிடமே விரித்து எழுதச் சொல்லி, அதன் நகலைப் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் பேரனின் ஆசிரியை அதைப் படித்துவிட்டு, வலது காது தன் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.