உப்புத் தண்ணீருக்கு எந்த ஹீட்டர் தாங்கும்?

தஞ்சாவூர் பக்கம் வாட்டர் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், கார்த்திகை அடைமழையில் விடியற்காலை கைக்குழந்தையைக் குளிப்பாட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். தேவைதான். எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். வீடு கட்டி முடிக்கிற சமயம் மாடியில் சோலார், தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிற 3 லிட்டர் இன்ஸ்டன்ட், டாங்கில் பிடித்துச் சூடாக்கி வைக்கிற 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் என்று மூன்றையும் விசாரித்து, கடைசியில் ஸ்டோரேஜ் வாங்கினோம். இன்றைக்கும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆகவே இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேஸ் கீசரை நான் வைத்துப் பார்த்ததில்லை, வைக்கப் போவதும் இல்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூடத் தெரியாது. பக்கெட்டில் போடுகிற ராடு, விலை குறைவு என்பதைத் தவிர வேறு நல்ல பேர் எடுக்காத சாமான். கொல்லையில் தென்னை இருக்கிறவர்களுக்குச் செம்பு பாய்லர் இன்னும் நல்ல வழிதான். மட்டையும் பாளையும் சும்மா கிடக்கின்றன, கரண்ட் பில்லும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் மட்டை நனைந்து போகும், புகையும், அதைப் பற்றவைக்க ஓர் ஆள் முன்னாடியே எழுந்திருக்க வேண்டும்.

சோலாரைத்தான் முதலில் நினைத்தோம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர், சரிதான். ஆனால் நமக்கு வெந்நீர் வேண்டியிருப்பது ஐப்பசியிலிருந்து தை வரை. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற அக்டோபர், நவம்பர், டிசம்பரும் அதற்குள்தான் வருகிறது. நாள் கணக்கில் மூடாக்குப் போட்டால் சோலார் டாங்கில் வெதுவெதுப்புதான் மிஞ்சும். அதற்காக உள்ளே ஒரு கரண்ட் காயில் வைத்துத் தருகிறார்கள். மழைக்காலம் முழுக்க அந்தக் காயில்தான் ஓடப்போகிறது என்றால் அதற்கு மாடி எதற்கு? சித்திரை வெயிலிலோ மாடித் தொட்டியில் வருகிற சாதாரணத் தண்ணீரே சுடும்.

தென்னை வேறு. அக்கா வீட்டில் ஒரு மட்டை விழுந்து கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கின. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது சின்டெக்ஸ் தொட்டியே பறந்த மாடிகளில் குழாய் எம்மாத்திரம். இத்தனைக்கும் சோலார் கெட்ட பொருள் இல்லை. மாடியில் நிழல் விழாத டவுன் வீடு, தினமும் ஆறேழு பேர் குளிக்கிற குடும்பம், தண்ணீரும் நல்ல தண்ணீர் என்றால் கணக்கு மாறும். சோலாரை என் வீட்டில் வைத்து வருடக்கணக்கில் ஓட்டியவன் இல்லை என்பதால் அதற்குமேல் அடித்துப் பேசமாட்டேன்.

மிச்சம் இன்ஸ்டன்ட்டும் ஸ்டோரேஜும். இன்ஸ்டன்ட் கரண்டை மிச்சப்படுத்தும் என்று கடைக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. 25 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர எந்த ஹீட்டராக இருந்தாலும் ஒரே சூடுதான் செலவு. நான்கு பேர் ஆளுக்கு ஒரு பெரிய பக்கெட் குளித்தால் நாளைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் யூனிட். ஸ்டோரேஜில் கூடுதலாகப் போவது, சூடேறிய தண்ணீர் சும்மா நின்று ஆறுகிற நஷ்டம் மட்டுமே. குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் அது பெரிய தொகை இல்லை.

கிராமத்து லைன் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு வோல்டேஜும் ஒரு விஷயம். 230 வோல்ட்டில் 3000 வாட் இழுக்கிற இன்ஸ்டன்ட், 180 வோல்ட்டில் சுமார் 1840 வாட்டுக்கு இறங்கிவிடும். ஐந்தாறு நிமிஷத்தில் நிரம்ப வேண்டிய பக்கெட்டுக்கு ஒன்பது நிமிஷம் ஆகும், இல்லையென்றால் பச்சைத் தண்ணீராக வரும். ஸ்டோரேஜுக்கும் அதே கதிதான், ஆனால் அது பத்து நிமிஷம் கூட எடுத்துக்கொண்டு சூடாக்கிவிடும். குளிக்கிறவருக்குத் தெரியாது.

இதெல்லாம் சில்லறைக் கணக்கு. எனக்கு முடிவைத் தீர்மானித்தது உப்பு.

போர் தண்ணீரில் இரண்டு தொல்லை உண்டு, இரண்டையும் ‘உப்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஒன்று கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும். இந்தத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து, எது அதிகம் சுடுகிறதோ அதன் மேலேயே ஓடு கட்டும். அதுதான் எலிமெண்ட், கரண்டில் சூடேறுகிற குழாய். ஓடு தடிமனாக ஆக, சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி எலிமெண்ட் கருகிவிடும். இன்னொன்று கடலோரத்துக் கரிப்பு, அதாவது குளோரைடு. இது படியாது, தின்னும். ஸ்டீல் டாங்கில் வெல்டிங் இடமாகப் பார்த்து ஊசித் துளை போடும்.

இன்ஸ்டன்ட்டில் 3 லிட்டர் டாங்குக்குள் 3000 வாட் எலிமெண்ட்டைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இடம் குறைவு, சூடு அதிகம், ஓடு சீக்கிரம் கட்டும். டாங்க் அரிக்காமலிருக்க அதற்குப் பதில் தான் கரைகிற ஆனோடு ராடு பல மாடல்களில் கிடையாது. திறந்து சுத்தம் செய்யலாமா என்று கேட்டதற்கு எங்கள் எலக்ட்ரீஷியன், “அண்ணே, அதைக் கழட்டிப் பூட்டுற கூலிக்குக் கொஞ்சம் மேல போட்டா புதுசே வந்துடும்” என்றார். எங்கள் தெருவில் இன்ஸ்டன்ட் வைத்த வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது, மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஸ்டோரேஜில் அடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, அதன் நட்டுகளைக் கழற்றினால் எலிமெண்ட், தெர்மோஸ்டாட் குழாய், ஆனோடு எல்லாம் அதோடு சேர்ந்து இறங்கி வரும். எங்களுடையதை முதல் தடவை திறந்தபோது முட்டை ஓட்டைப் பொடித்தது போல் வெள்ளைச் செதில் பக்கெட்டில் கொட்டியது. விரல் தடிமன் இருக்க வேண்டிய ஆனோடு பல இடங்களில் உள்கம்பி தெரிகிற அளவுக்கு அரித்திருந்தது. டாங்குக்குள் டார்ச் அடித்தோம். துருவே இல்லை. ஆனோடு மெக்னீசியம். இரும்பை முந்திக்கொண்டு தான் கரைவதுதான் அதன் வேலை. அது தீர்ந்துபோன பிறகும் கண்டுகொள்ளாமல் விட்டால் தண்ணீர் டாங்கைத் தின்ன ஆரம்பிக்கும். கரிப்புத் தண்ணீரில் வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. புரட்டாசி கடைசியில் பார்த்துவிட்டால் மழைக்குத் தயார்.

எலிமெண்ட்டை ஆசிட்டில் முக்குகிறேன் என்பவரைத் தடுத்துவிடுங்கள். கழிவறை ஆசிட் ஓட்டோடு உலோகத்தையும் அரிக்கும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் ஓடு நுரைத்துக்கொண்டு உதிரும். திரும்பப் பூட்டும்போது தட்டுக்கு இடையில் வைக்கிற ரப்பர் வளையத்தை, அதாவது கேஸ்கட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே வைத்து மாட்டினால் ஒழுகும், ஒழுகுவது ஒயர் இருக்கிற பக்கம்.

வாங்கும்போது ஸ்டார் எண்ணிக்கையைவிட டாங்க் எதனால் ஆனது என்று முதலில் கேளுங்கள். கரிப்புக்கு உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்பு டாங்க் என் தேர்வு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருவே பிடிக்காது என்பது நல்ல தண்ணீர் ஊர்ப் பேச்சு. கண்ணாடிப் பூச்சுக்கும் ஆனோடு கட்டாயம் வேண்டும். எலிமெண்ட் இன்கலாய் என்கிற நிக்கல், குரோமியம் கலந்த உலோகம் என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். உங்கள் ஊரில் அந்தக் கம்பெனியின் ஆனோடும் கேஸ்கட்டும் கிடைக்குமா என்று கடையில் நிற்கும்போதே விசாரித்துவிடுங்கள். மன்னார்குடியோ திருவாரூரோ போய் வாங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, சென்னைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற கம்பெனி வேண்டாம்.

அளவு 15 லிட்டர் போதும். 55 டிகிரியில் இருக்கிற 15 லிட்டரோடு பச்சைத் தண்ணீர் விளாவினால் இரண்டு பக்கெட் குளியல் தண்ணீர். 2000 வாட்டில் திரும்பச் சூடாகக் கால் மணி நேரம். நாப்பை 75-இல் வைக்காதீர்கள். 60-ஐத் தாண்டினால் ஓடு கட்டுவது வேகமெடுக்கும். 50, 55-லேயே நன்றாகச் சுடும். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த வீடு என்றால் மட்டும் பழைய தண்ணீரை வடித்துவிட்டு ஒரு முறை முழுச் சூட்டில் ஓட்டிவிடுங்கள்.

சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டுவதைப் பார்த்து ரிப்பேர் என்று நினைத்து அதன் வாயை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். 15 லிட்டர் சூடானால் ஒரு டம்ளர் அளவு விரியும், அதுதான் சொட்டுகிறது. அடைத்தால் டாங்க் வெடிக்கலாம். சின்னக் குழாய் மாட்டித் தரைக்கு விட்டுவிடுங்கள். வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்குகிற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப், 16 ஆம்பியர் பாயிண்ட், ஒழுங்கான எர்த், கசிவு மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர். இவற்றில் பேரம் பேசாதீர்கள்.

கும்பகோணம், திருவையாறு மாதிரி ஆற்றோரத்தில் நல்ல தண்ணீர் வருகிற வீடு, குளிப்பவர்கள் இரண்டு பேர், வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்றால் நான் சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. இன்ஸ்டன்ட்டே தாராளம். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் போர் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு, கரிப்பு எவ்வளவு என்று பிரிக்காது. ரிப்போர்ட்டில் கடினத்தன்மை, குளோரைடு என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம், குளோரைடுக்கு 250 என்பது ஏற்கத்தக்க அளவு. இரண்டும் அதற்குள் இருந்தால் இன்ஸ்டன்ட் வாங்கலாம். இரண்டில் ஒன்று பலமடங்கு தாண்டியிருந்தால் ஸ்டோரேஜ் வாங்கி, கூடவே ஓர் ஆனோடும் இரண்டு கேஸ்கட்டும் அன்றைக்கே பில் போட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.