சொத்தையைத் தடுக்க எது முந்தி: இனிப்புக் கட்டுப்பாடா, பேஸ்ட்டா, மவுத்வாஷா, சீலண்டா?

பூச்சிப் பல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பல்லுக்குள் பூச்சி எதுவும் கிடையாது. பல்லில் படியும் பிசுபிசுப்பான படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறைவது பிஎச் அளவு. அங்கே அது ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பப் படியவைக்கும். கரைவது அதிகமா, திரும்பிப் படிவது அதிகமா? கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் என் முதல் இடம் இனிப்புக் கட்டுப்பாட்டுக்கு. அளவு முக்கியம்தான், அன்றாடக் கலோரியில் சேர்க்கும் சர்க்கரை 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் எத்தனை தடவை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துவிட்டால் பல்லுக்கு ஒரே ஒரு அமிலத் தாக்குதல். அதையே பிட்டுப் பிட்டு நாள் முழுக்கக் கொறித்தால் உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஸ்வீடனின் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1940-களில் தொடங்கிய ஆய்வு இதைத்தான் காட்டியது: சாப்பாட்டுக்கு இடையே ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குச் சொத்தை மளமளவெனப் பெருகியது. அந்த உண்மைக்காகப் பல்லை இழந்தவர்கள் சம்மதம் கேட்கப்படாத மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அடுத்தது ஃபுளோரைடு பேஸ்ட். இரண்டாம் இடம் என்றாலும் விட்டுவிடக் கூடியதல்ல. கரைந்த இடத்தில் தாதுக்கள் மறுபடி படிய ஃபுளோரைடு உதவுகிறது. அப்படி உருவாகும் பரப்பு அமிலத்தை முன்பைவிட நன்றாகத் தாங்கும். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரை ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் போதும். மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு. இரவில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் படுக்கும் முன் தேய்ப்பதைத் தவறவிடாதீர்கள். தேய்த்த பின் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பல்லில் தங்கும் ஃபுளோரைடுதான் வேலை செய்கிறது.

மவுத்வாஷுக்கு நான் கடைசி இடம்தான் தருவேன். தினமும் பயன்படுத்தும் ஃபுளோரைடு மவுத்வாஷில் பெரும்பாலும் 225 பிபிஎம் அளவே இருக்கும். பல் தேய்த்த கையோடு அதை ஊற்றிக் கொப்பளித்தால், வலுவானதைக் கழுவிவிட்டு வலுக்குறைந்ததை வைத்த கதைதான். பல்லில் கம்பி போட்டவர்களும் வாய் வறட்சி உள்ளவர்களும் வேறொரு நேரத்தில் பயன்படுத்தினால் பலன் உண்டு. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ள மவுத்வாஷ் முக்கியமாக ஈறுக்கானது. தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் கறை படியும்.

சீலண்ட், அதாவது பல் மருத்துவர் பல்லின் மேல் பூசும் மெல்லிய பூச்சு, குழந்தைகளுக்கு நல்ல காப்பு. கடைவாய்ப் பல்லின் மேல் பள்ளங்கள் பிரஷ் நார் நுழைய முடியாத அளவு குறுகலானவை. ஆறு வயது வாக்கிலும் பன்னிரண்டு வயது வாக்கிலும் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் அந்தப் பள்ளங்களை மூடிவிடுவதே சீலண்டின் வேலை. பல்லிடுக்கை அது காக்காது, அங்கே ஃபிளாஸ் நூல்தான் வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். எனாமலில் வெள்ளைத் திட்டு மட்டும் தெரிகிற கட்டத்தில் இனிப்புக் கட்டுப்பாடும் ஃபுளோரைடும் சேர்ந்தால் பல் மீள வாய்ப்பு உண்டு. குழி விழுந்துவிட்டால் இந்த நான்கில் எதுவும் அதை அடைக்காது. பல் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.