நூறு உருப்படி கேக் அலங்கார செட் தேவையா?

பெரிய செட்டில் பாதி நாசில்கள் (க்ரீமைப் பிழியும் கூம்பு முனைகள்) டப்பாவை விட்டு வெளியே வராது. முதலில் காசு போட வேண்டியது டர்ன்டேபிளில், அதாவது கேக்கை வைத்துச் சுழற்றும் தட்டில். செட்டோடு வரும் பிளாஸ்டிக் தட்டு லேசானது. க்ரீமைச் சமன்செய்யும் ஸ்கிரேப்பரை வைத்து அழுத்தினால் தட்டே ஆடும், க்ரீமில் அலை அலையாகக் கோடு விழும். அடிப்பாகம் கனமான 12 அங்குல உலோகத் தட்டு நல்லது. ஸ்கிரேப்பர் கேக்கை விட ஓர் அங்குலமாவது உயரமாக இருக்கட்டும்.

எழுத 3-ஆம் எண் நாசில், இலைக்கு 352, ரோஜாச் சுழலுக்கு 1எம். ஆரம்பத்துக்கு இந்த மூன்று நாசில் போதும். 1எம் பெரியது, க்ரீம் பையில் நாசிலைப் பொருத்தும் சாதாரண கப்ளரில் மாட்டாது. நேரே பையில் போட்டு, நாசிலில் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் நுனியை வெட்டுங்கள். கூடுதலாக வெட்டினால் அழுத்தும்போது நாசிலே பிதுங்கி வந்துவிடும். பையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் கைச்சூட்டில் க்ரீம் இளகி, பூவிதழின் விளிம்பு மழுங்கும். மலிவு நாசிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: உள்ளே ஒட்டுக்கோடு துருத்திக்கொண்டிருந்தால் எழுத்து ஒரு பக்கமாக வளையும்.