பழைய பிக்கப்பின் ஐடில் தொல்லையும் வேக்குவம் கேஜும்: பல வருட அனுபவம்

என்னுடையது பழைய பெட்ரோல் பிக்கப். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. சிக்னலில் நின்றால்தான் உதறும், சில சமயம் அப்படியே ஆஃப் ஆகிவிடும். இப்படித் தொல்லை வரும்போதெல்லாம் நான் முதலில் எடுப்பது வேக்குவம் கேஜைத்தான், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தை முள்ளில் காட்டும் மீட்டரை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் அப்புறம்.

ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, த்ராட்டில் (காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியே இருக்கும், இன்ஜின் இழுக்கும் காற்றும் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் ஏதாவது ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தால்கூட, ஏர்ஃப்ளோ சென்சாரின் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். வேகத்தில் போகும்போது அதே கசிவு மொத்தக் காற்றில் ஒரு பொருட்டே இல்லை. ரோட்டில் நன்றாக ஓடிய வண்டி நின்றதும் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

கேஜை எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம். த்ராட்டில் தகட்டைத் தாண்டி, நேராக மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில்) இருந்து வரும் இணைப்பில் மாட்ட வேண்டும். தகட்டுக்கு முன்னால் உள்ள இணைப்பில் மாட்டினால் ஐடிலில் முள் பெரும்பாலும் அசையாது. நல்ல இன்ஜின் என்றால், சூடேறிய பிறகு கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டி முள் ஆடாமல் நிற்கும். உயரம் கூடக் கூட, 1,000 அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும்.

கடைசியாகப் பார்த்தபோது முள் 14-இல் நின்றது. இடுக்கியில் துணி சுற்றி, ஒவ்வொரு ஹோஸாக அழுத்திப் பார்த்தேன். பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டரின் ஹோஸில் மாற்றமில்லை. பிசிவி ஹோஸை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிக்க இழுத்துப்போகும் குழாய்) மேனிஃபோல்டு பக்கம் அழுத்தியதும் முள் 18-க்குத் தாவியது, உதறலும் அடங்கியது. இந்த ஹோஸை அழுத்தினால் எப்போதுமே முள் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் இவ்வளவு ஏறாது. கழற்றித் திருப்பினால், வளைவின் அடிப்பக்கம் ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று இருந்தது, நடுவில் நகம் நுழையும் அளவு பிளவு. மேலிருந்து பார்த்தால் புதுசு போலத்தான் தெரிந்தது.

ஸ்கேனர் இருந்தால் ஃப்யூயல் ட்ரிம்மை (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவை) பாருங்கள். ஐடிலில் ரொம்பக் கூடுதலாக இருந்து, 2,500 ஆர்.பி.எம்-மில் சரியாகிவிட்டால் அது காற்றுக் கசிவு. இரண்டிலும் கூடுதலாகவே இருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போகலாம். சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கசிவு தேடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பொறி பட்டால் தீப்பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கசிவுக்குப் புகை விட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி.

முள் எப்படி ஆடுகிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது. சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கினால் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். 2,500-இல் பிடித்து வைத்திருக்கும்போது மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் பாதையில் அடைப்பு. ஈஜிஆர் வால்வு (வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) திறந்தபடி சிக்கினாலும் அளவு குறையும், அதனால் ஹோஸ்கள் எல்லாம் சரியாக இருந்தால் அடுத்து அதைக் கழற்றிப் பார்ப்பேன்.

இத்தனை வருடத்தில் கேஜில் கெட்டது அதன் ரப்பர் குழாய் மட்டும்தான். அது இறுகி வெடித்தால் கேஜே குறைத்துக் காட்டும், அதனால் மாட்டும் முன் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடுவேன். சூடானதும் சட்டென்று அணைந்து, ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு இந்தக் கேஜ் உதவாது. அங்கே இன்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரையும் இக்னிஷனையும்தான் பார்க்க வேண்டும்.